இடது முன்சக்கரத்தின் சிவப்பு

காலை ஒன்பது மணி ஐம்பத்திரண்டு நிமிடம். இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. என் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. அதில் பதிந்திருக்கும் நேரம் அது. ஒரு சின்னக் காரின் இடது முன்சக்கரம். சக்கரத்தின் உட்புறம் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் முனையில் ஒரு நட்டு, நட்டின் மேல் ஈரம் காயாத ஒரு சிவப்புக் கோடு. படத்தின் ஓரத்தில் ஒரு விரல் நுனி மங்கலாகத் தெரியும். கிள்ளானில் இருக்கும் தங்கைக்கு அனுப்பலாம் என்று எடுத்தேன். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

அடுத்த முப்பத்து நான்காவது நிமிடத்தில் அந்தச் சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொண்டது. காருக்குள் என் மகள் தர்ஷினி இருந்தாள்.

நான் எழுத உட்கார்ந்தது அந்தக் காரின் ஒவ்வொரு நட்டையும் இறுக்கிய ஒரு பெண்ணைப் பற்றி. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை அந்தப் பெயரை ஈப்போ முழுக்கப் பரப்பியாகிவிட்டது, அதுவே போதும். பிள்ளைகள் அவரைக் கோட்டக்கா என்பார்கள். கோடு போடுகிற அக்கா.

தர்ஷினியும் அவளோடு பொறியியல் படித்த ஹாஃபிஸ், வெய் லூன் என்ற இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு பந்தயக் குழு தொடங்கினார்கள். குழு என்றால் மூன்று பேர், ஒரு வாட்ஸ்அப் குழுமம், ஒரே மாதிரி மூன்று டீ-சட்டைகள். அவர்களுடைய முதல் கார் எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில்தான் உருவானது. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய கார். மேலே கூரை இல்லை, சக்கரங்களை மூட ஒன்றும் இல்லை, குழாயும் தண்டும் வெளியே தெரியும். எலும்பு தெரிய ஏதோ ஒரு பிராணி படுத்திருப்பது போலிருக்கும். என் கார் ஆறு மாதம் வெளியே மழையில் நின்றது.

நான் இடைநிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் கணவர் தாப்பாவிலிருந்து மலையேறும் சாலையில் ஒரு லோரியில் மோதி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு வேகமாகப் போகும் எதைப் பார்த்தாலும் என் உள்ளங்கை வியர்க்கும். அப்படிப்பட்டவளின் வாசலில் பந்தயக் கார். வேண்டாம் என்று அழுது பார்த்தேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். தர்ஷினி அசையவில்லை. “நீங்க பயப்படாம இருக்கணும்னுதான் ஓர் ஆளக் கூட்டிட்டு வாரேன், பாருங்க” என்றாள்.

அந்த ஆள்தான் கோட்டக்கா. ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கலாம். வந்த முதல் நாள், காரைப் பார்க்காமல் நேராகச் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, முழங்கை வரை மடித்தது. பையில் ஒரு சின்ன நகப்பூச்சுப் புட்டி.

“டீச்சர், கேஸ் வாசம் வருதே. உங்களுக்குத் தெரியலயா?”

“இலேசா வரும். பழகிடுச்சு.”

“பழகக்கூடாதுலா!”

என்னை விலக்கிவிட்டுக் குனிந்தார். அடுப்புக்குப் போகும் குழாயைப் பிடித்திருக்கும் பட்டையை இறுக்கினார். சோப்பு நுரை தடவிப் பார்த்தார். பிறகு நகப்பூச்சைத் திறந்து, பட்டையிலிருந்து குழாய் மேல் வரை ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இழுத்தார். “இது நேரா இருக்குற வரைக்கும் பயமில்ல. ரெண்டா ஒடஞ்சு தெரிஞ்சா பட்ட நகந்திருச்சுன்னு அர்த்தம். அன்னைக்கு அடுப்பப் பத்த வைக்காதீங்க, எனக்குப் போன் போடுங்க.”

அவருடைய முறை மொத்தமும் இவ்வளவுதான். ஒரு நட்டை அளவு காட்டும் ரெஞ்சால் ‘டிக்’ என்று சத்தம் வரும் வரை இறுக்குவார். சத்தம் கேட்ட பிறகுதான் புட்டியைத் திறப்பார். நட்டின் மேல் தொடங்கிப் பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடே இல்லையென்றால் வேலை முடியவில்லை. பட்டறைகளில் இதற்கென்று பேனா விற்கிறார்கள். நம் வெயிலில் அது காய்ந்துவிடுகிறது என்று பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய சிவப்பு நகப்பூச்சைத்தான் வைத்திருந்தார். அவர் நகத்தில் ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

“நான் சொல்றத நம்பாத” என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். “வாய் மறந்துரும். கோட்ட நம்பு.”

ஹாஃபிஸுக்குத் தமிழ் ஓரளவு வரும். பக்கத்து வீட்டில் பழகிய தமிழ். ஒரு நாள் அவன் கேட்டான், “அக்கா, வீட்டுக்காரருக்குக் கோடு போட்டாச்சா?”

“போட்டேன்டா. ரெண்டாவது வருசமே ஒடஞ்சு தெரிஞ்சிச்சு. கழட்டி வச்சிட்டேன்.”

மூன்று பேரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் அடுத்த நட்டுக்குப் போய்விட்டார். அவருடைய இல்வாழ்க்கை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு வரிதான்.

பட்டறைக்கு முன்னால் கார் இருக்கைகள் பொருத்தும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தாராம். இப்போது அது இல்லை. இருக்கையைத் தரையோடு பிடிக்கும் நான்கு நட்டுகள், நாள் முழுக்க அதே நான்கு நட்டுகள். சலிக்கவில்லையா என்று கேட்டேன். நான் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டே கேட்ட கேள்வி அது.

“அதுல உக்காரப்போறவன் யாருன்னு தெரியாது டீச்சர். சீனனா, மலாய்க்காரனா, நம்ம ஆளா, பேரு என்னா, ஒன்னும் தெரியாது. ஆனா அவன் என்ன நம்பித்தான் உக்கார்றான். அவனுக்கும் என்னத் தெரியாதுல்ல? அத நெனச்சா எப்படிச் சலிக்கும்?”

நான் ம் என்றேன். அன்றுதான் கோடு எதற்கு, கோடு இல்லாவிட்டால் என்ன அர்த்தம் என்று ஆரம்பத்திலிருந்து விளக்கமாகச் சொன்னார். அதற்கும் ம் என்றேன். காது கேட்டது. மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது: நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த ஒருவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டில் விளிம்பு உடைந்த ஒரு கோப்பை உண்டு. பிள்ளைகளுக்கு நல்ல கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுப்பேன், அவருக்கு அது. வேண்டுமென்று செய்தேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவேன். ஆனால் ஒவ்வொரு முறையும் கை அதைத்தான் எடுத்தது. ஒரு நாள் கோப்பையைக் கழுவும்போது பார்த்தேன். உடைந்த இடத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு சின்னக் கோடு.

“யாராச்சும் தெரியாம அந்தப் பக்கம் வாய வச்சா கிழிச்சிரும் டீச்சர். அதான்” என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இன்னொரு மாலை. நல்ல மழை. வேலை முடிந்து அவர் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம். தொப்பலாக நனைந்து வந்து நிற்கிறார். பின்சக்கரத்து நட்டு ஒன்றில் கோடு போட்டோமா என்று வீடு போய்ச் சேர்ந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டதாம்.

“தர்ஷினிக்கிட்ட கேட்டிருந்தா போட்டோ எடுத்து அனுப்பியிருப்பாளே!”

“அது அவ கண்ணுலா டீச்சர். என் வெரலு தொட்டுப் பாக்கணும்.”

கார் அருகில் குந்தி, கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். இருந்தது, நேராக. தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு மறுபடி மழையில் போய்விட்டார். இவருக்கும் என்னைப் போலவே பயந்த மனது என்று அன்று நினைத்தேன். என் பயம் வந்தால் என் கை உதறும். அவருக்குப் பயம் வந்தால் கை வேலை செய்யும். இந்த வித்தியாசம் அன்று தோன்றவில்லை.

முதல் ஓட்டத்துக்கு இடம் சொன்னது நான்தான். நான் பிறந்த தோட்டம். ஈப்போவிலிருந்து அரை மணி நேரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய், இப்போது வீடமைப்புக்காகச் சமப்படுத்தியிருந்தார்கள். வீடுகள் வரவில்லை, தார்ச்சாலை, ஓரத்தில் லொங்காங் எனும் கான்கிரீட் வடிகால், விளக்குக் கம்பம் எல்லாம் தயார். எங்கள் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் அரைக் கிலோமீட்டருக்கு நேர்ச்சாலை. முனியாண்டி கோயில் மட்டும் தகரக் கூரையோடு மிச்சமிருந்தது. கேட்க வேண்டியவர்களிடம் கேட்டு அனுமதி வாங்கினோம்.

பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் பூசை போட்டுக் கார் நகர்ந்தாக வேண்டும் என்பது என் நிபந்தனை. அம்மா இவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிது என்று தர்ஷினி தலையாட்டிவிட்டாள்.

லோரியிலிருந்து இறக்கும்போது இடது முன்சக்கரம் பலகையில் இடித்துவிட்டது. கோட்டக்கா குனிந்து பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும் தண்டு கொஞ்சம் விலகியிருக்கிறது என்றார். நட்டைக் கழற்றி, தண்டைச் சரிசெய்து, பழைய கோட்டைத் துணியால் துடைத்து எடுத்தார். “ஒரு தரம் கழட்டுன நட்டு இந்த மாதிரி எடத்துக்கு ஆகாது. டவுன்ல கட இருக்கு, புதுசு வாங்கிட்டு வாரேன்.” தண்டு கழன்று விழாமலிருக்க அதே நட்டைக் கையால் மட்டும் திருகி வைத்தார். “ஹாஃபிஸ், இதத் தொடாத. கோடு இல்ல பாரு. இன்னும் முடியல.” மோட்டாரை எடுத்துக்கொண்டு போனார். அப்போது நான் கோயிலில் பூசாரிக்குத் தேங்காய் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்; இதெல்லாம் பிறகு ஹாஃபிஸ் சொல்லித்தான் தெரியும்.

பூசாரி வந்து காரின் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்தார், சூடம் காட்டினார், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குத் திரும்பினார். பிள்ளைகள் சற்றுத் தள்ளி, புதுச் சட்டையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காரும் நானும் மட்டும்.

பன்னிரண்டு வருடமாக நான் யாருக்கும் குங்குமம் வைத்ததில்லை. கல்யாண வீட்டில் தட்டு என்னிடம் வந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்திவிடுவேன். அன்று தட்டோடு காரைச் சுற்றி வந்தேன். வலது முன்சக்கரத்தில் சிவப்புக் கோடு. பின்சக்கரங்களில் சிவப்புக் கோடு. இடது முன்சக்கரத்தில் ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. என் மகள் உட்காரப் போகிற காரில் ஒரு சக்கரம் மட்டும் என் நெற்றி மாதிரி இருந்தது.

யாரும் பார்க்கவில்லை. குங்குமத்தில் இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டுக் குழைத்தேன். மோதிர விரலால் தொட்டு, நட்டிலிருந்து தண்டு வரை இழுத்தேன். மற்ற மூன்றையும் பார்த்து, அதே நீளம், அதே சாய்வு. ஏன் பொட்டாக வைக்காமல் கோடாக இழுத்தேன் என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுவிட்டேன். மற்றவற்றோடு ஒத்திருக்கட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அழகாக வந்திருந்தது. படம் எடுத்தேன்.

பத்தே கால் ஆனது. அவர் வரவில்லை.

“நேரம் போகுது தர்ஷினி. பத்தரைக்குள்ள ஒரு அடியாச்சும் நகரணும்.”

“அக்கா வரட்டும்லா ஆண்டி” என்றான் ஹாஃபிஸ். “இந்த வீல் பெலும் சொல்லிச்சு. பெலும், இன்னும் இல்ல.”

தர்ஷினி குனிந்து பார்த்தாள். “கோடு இருக்குடா. நேராத்தான் இருக்கு. பழசையே இறுக்கி முடிச்சிட்டு வேற எதுக்கோ போயிருக்காங்க.”

ஹாஃபிஸும் குனிந்து பார்த்தான். நகப்பூச்சு மினுங்கும், குங்குமம் மினுங்காது. அந்த அவசரத்தில் யார் அதையெல்லாம் பார்ப்பது? “ஆமாலா, இருக்கு” என்றான்.

வெய் லூன் கோட்டக்காவின் குரலைப் போலவே செய்து காட்டினான்: “வாய் மறந்துரும். கோட்ட நம்பு!” எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவர்கள் பார்ப்பது நான் இழுத்த கோட்டை என்று அந்த நொடியில் எனக்கு உறைக்கவில்லை, மனதெல்லாம் ராகு காலம்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கிச் சாறு தெறிக்கக் கார் நகர்ந்தது. முதல் சுற்று நடக்கிற வேகம். இரண்டாவது கொஞ்சம் கூட. மூன்றாவதில் அவள் நேர்ச்சாலையில் வேகம் எடுத்தாள். கார் எங்களைத் தாண்டிய நொடியில் இடது சக்கரம் மட்டும் வெளிப்பக்கமாகத் திரும்புவதைப் பார்த்தேன். வலது சக்கரம் நேராகவே இருந்தது. பிறகு லொங்காங்கின் கான்கிரீட் விளிம்பு, தகடு கிழியும் சத்தம், புழுதி.

“ம்மா, நான் ஓகே. நான் ஓகேம்மா.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். இடது தோள் எலும்பு முறிந்திருந்தது. மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்திருந்தது.

பையன்கள் அவளை இறக்கித் தரையில் படுக்க வைத்தபோது மோட்டார் வந்தது. கோட்டக்கா வண்டியை நிறுத்தாமலே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரே ஒரு நட்டு.

அதுவரை நான் அவரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“நீ இறுக்காமலே கோடு போட்டுட்டுப் போனியா? என் புள்ளையக் கொல்லப் பாத்தியா?”

“நான் போடல டீச்சர். இந்த வீலுக்கு நான் கோடே போடல.”

“பொய் சொல்லாத! அதோ இருக்கு பாரு கோடு! உனக்குக் கோடு போடத்தான் தெரியும். தோட்டத்துல புல்லு வெட்டுற கையில இதெல்லாம் குடுத்தா இப்படித்தான் ஆகும்!”

என் அம்மா ரப்பர் பால் வெட்டிய தோட்டம் அது. அவள் வாளி தூக்கி நடந்த மண்ணில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். முதல் ஓட்டத்தைப் படம் பிடிக்க வெய் லூன் முக்காலியில் நிறுத்தியிருந்த கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது.

அவர் சக்கரத்திடம் போனார். நட்டு எங்கோ விழுந்திருந்தது. தண்டின் மேல் பாதிக் கோடு மட்டும் இருந்தது. கட்டைவிரலால் தடவினார். நகப்பூச்சு அப்படி வராது. இது வந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

அவருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கோட்டின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு. அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் திரும்பவும் மஞ்சள். இதை வருடா வருடம் நாலாம் படிவப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறவள் நான். பெயர் ஒட்டாத புட்டியைத் தொடாதே, மற்றவர் வைத்துவிட்டுப் போனதில் கை வைக்காதே என்று ஆய்வுக்கூடச் சுவரில் எழுதி ஒட்டியவளும் நான்.

அவர் திரும்பி என் வலது கையைப் பார்த்தார். நான் மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

ஒரு வார்த்தை போதும், அவர் தப்பித்துவிடலாம். தரையில் கிடந்த தர்ஷினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிள்ளைகளிடம் சொன்னார்: “நான் இங்க விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. என் தப்புதான்.” புது நட்டைப் பிளாஸ்டிக் பையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஆம்புலன்ஸ் வரும் வரை என் மகளின் தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தவர் அவர்தான். நான் பிடிக்கத்தான் போனேன். கை உதறியது.

கேமராவில் பதிந்தது எப்படியோ வெளியே போனது. நான் கத்தியதும் அவர் “என் தப்புதான்” என்றதும் மட்டும் வெட்டி எடுத்த துண்டு. பட்டறைக்கு வருகிறவர்கள், “அக்கா, கோடு மட்டும் போட்டியா, இறுக்கவும் செஞ்சியா?” என்று கேட்கத் தொடங்கினார்களாம். இரண்டு மாதத்துக்குள் அவர் ஈப்போவை விட்டு லூமுட் பக்கம் போய்விட்டார், மீன்பிடிப் படகு எஞ்சின் பார்க்கிற வேலைக்கு.

நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் தர்ஷினிக்கு அறுவை சிகிச்சை முடியட்டும் என்றேன். பிறகு கட்டுப் பிரிக்கட்டும் என்றேன். உண்மையான காரணம் வேறு. தாலியறுத்தவள் கை பட்டதால்தான் கார் மோதியது என்று சொந்தபந்தம் பேசும். அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன். அதனால் அவரைத் தாங்க வைத்தேன். தினமும் காலையில் அடுப்பைப் பற்ற வைக்கும்போது குழாயின் மேல் அவர் போட்ட கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். நேராகவே இருந்தது.

பதினோரு மாதம். பிள்ளைகள் காரைத் திரும்பவும் எழுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை மதியம் தர்ஷினி வாசலில் குந்தி, சரியாக மடங்காத மணிக்கட்டோடு, நட்டுகளுக்குத் தானே கோடு போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்பு நகப்பூச்சு.

“பயப்படாதீங்கம்மா. கோட்டக்கா மாதிரி நான் ஏமாத்த மாட்டேன்.”

உள்ளே போனேன். கைப்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள்.

“இது யாரு வெரலு?”

“என்னோடது.”

புட்டியை மெதுவாக மூடினாள். “நான் அவங்க நம்பர பிளாக் பண்ணி வச்சிருக்கேன்மா” என்றாள். “ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ வந்தாங்க. பாக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.” அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. “கேமரா முன்னாடிதானே கத்துனீங்க? அதே கேமரா முன்னாடி சொல்லுங்க.”

சொன்னேன். விரலைக் காட்டிச் சொன்னேன். முன்னது போன வேகத்தில் இது போகவில்லை. பார்த்த சொந்தக்காரர்கள் நான் பயந்ததைத்தான் பேசினார்கள். பேசிவிட்டுப் போனார்கள். தாங்க முடியாதது ஒன்றும் அதில் இல்லை. அவருக்கும் அனுப்பினேன், மன்னிப்புக் கேட்டுக் குரல் பதிவும் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று கைப்பேசி காட்டியது. பதில் இல்லை.

இரண்டாவது ஓட்டம் அதே சாலையில், இன்னொரு வெள்ளிக்கிழமை. “அவங்க வந்து தொட்டுப் பாக்காம கார் நகராது” என்று தர்ஷினி சொல்லிவிட்டாள். நாளையும் இடத்தையும் அவருக்கு எழுதி அனுப்பினாள். வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காலை எட்டு மணியிலிருந்து காத்திருந்தோம். பூசாரி வந்து பூசையை முடித்துவிட்டுத் தட்டைக் கோயில் படியில் வைத்தார். நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தொடவில்லை. பத்து ஆனது, பத்தரை ஆனது. ராகு காலம் பற்றி யாரும் பேசவில்லை. வெயில் ஏறியது. ஹாஃபிஸ் இரண்டு முறை லோரியின் பின்கதவைத் திறந்தான், இரண்டு முறை மூடினான்.

பதினொன்று ஐந்துக்கு மோட்டார் சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்தி, காலால் தாங்கியைத் தள்ளி, தலைக்கவசத்தைக் கண்ணாடியில் மாட்டினார். அதே மாதிரி ஆண்கள் சட்டை, முழங்கை வரை மடித்தது. முகம் கறுத்திருந்தது. தர்ஷினி “அக்கா” என்று ஓடினாள். “இரு இரு, கை எப்படி இருக்கு? மடக்கு பாப்போம். ம்” என்று ஒரு தட்டு தட்டிவிட்டு நேராகக் காருக்குப் போனார். என் பக்கம் திரும்பவில்லை.

ஒவ்வொரு நட்டாக விரலால் தொட்டுப் பார்த்தார். தர்ஷினி போட்ட சிவப்புக் கோடுகளை ஒன்றுவிடாமல் துணியால் துடைத்து எடுத்தார். இடது முன்சக்கரத்திடம் வந்ததும் அங்கிருந்த நட்டைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து அன்றைய அதே சின்னப் பிளாஸ்டிக் பையை எடுத்தார். கடையில் அடித்த ஸ்டேப்ளர் முள் இன்னும் பிரிக்காமல் இருந்தது. பிரித்தார். அந்தப் புது நட்டைப் போட்டு ரெஞ்சை வைத்துத் திருப்பினார். ‘டிக்.’ சுற்றி வந்து மற்ற எல்லாவற்றுக்கும் ‘டிக்.’

பிறகு நகப்பூச்சை எடுத்தார். நீலம். புட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அது இன்று நேற்று வாங்கியதில்லை என்று எனக்குத் தெரிந்தது. என் வீடியோவுக்கு எத்தனையோ மாதம் முன்பிருந்தே அவர் நீலத்தில்தான் கோடு போட்டு வந்திருக்கிறார், யாரிடமும் ஏன் என்று சொல்லாமல்.

இடது முன்சக்கரத்தில் கடைசிக் கோட்டை இழுத்து, ஊதி, எழுந்து நின்றார். அப்போதுதான் கோயில் படியைப் பார்த்தார்.

“என்னா டீச்சர், தட்டப் பக்கத்துல வச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கீங்க? இனிமே என் கோடு நீலம்லா. செவப்ப சாமிக்கே விட்டுட்டேன். எந்திரிச்சு வாங்க, உங்க புள்ள காருக்கு நீங்களே உங்க கையால வைங்க.”